சாற்றுக்கு எதிரில் யார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,
நாகர்கோவிலில் ஒரு கலைவிழாவில் காணிப் பழங்குடி மக்களின் சாற்றுப்பாட்டைக் கேட்டேன். கொக்கரை ஒலி இன்னும் காதில் நிற்கிறது. எங்கள் கல்லூரியிலும் பழங்குடி விழா நடத்தப் போகிறோம். அவர்களைக் கொண்டாடவும் அவர்களிடம் கற்றுக்கொள்ளவும் என்ன செய்யலாம்? இலையாடை அணியச் சொல்லலாமா?
ஆர்., மார்த்தாண்டம்

அன்புள்ள ஆர்.,
இலையாடை வேண்டாம். பேச்சிப்பாறை அணைக்கு மேலே ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் காணிக்காரர் உங்களைப்போலச் சட்டைதான் போட்டிருக்கிறார். உங்களைக் கோவணத்தோடு மேடையேறச் சொன்னால் ஏறுவீர்களா?

கொக்கரையைக் கேட்டேன் என்கிறீர்கள். எவ்வளவு நேரம்? பத்து நிமிடம் இருக்குமா?

பதினாறு வயதில் அப்பாவுடன் நல்லமிளகு வாங்கப் போனேன். அணையைக் கடந்து அக்கரைக் காணிக்குடிக்கு வள்ளம். மழையில் அது திரும்பவில்லை. நாங்கள் ஒதுங்கிய வீட்டுக்கு அடுத்த குடிலில் ஒரு கிழவிக்குக் காய்ச்சல். அவர்களின் மந்திர வைத்தியரான பிலாத்தி வந்து உட்கார்ந்தார். கையில் கொக்கரை: இரும்புக் குழல், அதன் விளிம்பில் ரம்பப்பல். கம்பியால் அதை உரச உரச எனக்குப் பல் கூசியது. நடுராத்திரிக்குமேல் அதுவே மூச்சுபோலப் பழகிவிட்டது. தமிழும் மலையாளமும் கலந்த பாட்டு, பாதிதான் புரிந்தது. எங்களை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. கிழவி தண்ணீர் கேட்டாள். பாட்டு நின்றது. அவள் குடித்து வாயைத் துடைத்ததும் விட்ட அடியிலிருந்து தொடர்ந்தது.

அவளுக்காகப் பாடியது ஐயா அது! சாற்றுக்கு எதிரில் நோயாளி வேண்டும். உங்கள் மேடையில் நோயாளி யார்? முன்வரிசையில் மாலையோடு உட்கார்ந்திருந்த தலைமை விருந்தினரா? மருத்துவரை மேடையேற்றிக் காற்றுக்கு ஊசி போடச் சொல்லிவிட்டுக் கை தட்டுகிறீர்கள். நேரமாகிவிட்டது என்று மைக்கை வேறு வாங்கியிருப்பார்கள்.

கற்றுக்கொள்வதா? 1987-இல் கேரளப் பக்கத்து அகத்தியமலையில் ஏறிய ஆய்வாளர்கள் களைத்துப் போனார்கள். வழிகாட்ட வந்த காணிகளோ ஏதோ ஒரு காயைத் தின்றபடி சளைக்காமல் நடந்தார்கள். கேட்டதும் சொல்லிவிடவும் இல்லை, தயங்கித்தான் சொன்னார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்து வந்தது. உரிமத்தொகையில் பாதி காணிகளுக்கு என்று முடிவானது. அந்த ஏற்பாட்டிலும் சண்டைகள் உண்டு, அது தனிக் கதை. ஆனால் அந்தச் செடி மேடை போட்டுத் தெரிந்ததல்ல. கூட நடந்ததில் தெரிந்தது.

விழாவை நடத்தினால் வருகிறவர்களுக்கு அன்றைய பால்வெட்டுக் கூலி போகும். அதற்குமேல் வைத்து முதலிலேயே கையில் கொடுங்கள். பொன்னாடையை உங்கள் முதல்வருக்கே போர்த்திக்கொள்ளுங்கள்.

அக்கரைக்குப் போக ஆசை இருந்தால் எழுதுங்கள், நானும் வருகிறேன். மழைக்காலத்தில் வேண்டாம், அட்டை பிடுங்கும்.