நோன்பைப் பற்றிக் கேட்கும் பிறமத நண்பர்களிடம் மார்க்கத்தை எப்படிச் சொல்வது?

வேலையிடத்திலும் தெருவிலும் பிறமதத்தவரோடு பழகும்போது இஸ்லாத்தை எப்படி எடுத்துச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். பேச்சை நாம் தொடங்க வேண்டியதே இல்லை. ரமலான் வந்தால் கேள்வி தானாக வரும்: "தண்ணி கூடக் குடிக்க மாட்டீங்களா?"

உள்ளதை எளிமையாகச் சொல்லுங்கள். வைகறையிலிருந்து சூரியன் மறையும் வரை தண்ணீரும் கிடையாது. நோயாளிக்கும் பயணிக்கும் சலுகை உண்டு. விட்டதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். பிறைக் கணக்கு என்பதால் ரமலான் மாதம் ஆண்டுதோறும் 10, 11 நாள் முன்னால் நகரும். பொய்யையும் புறம் பேசுவதையும் விடாமல் பட்டினி மட்டும் கிடப்பது நோன்பாகாது என்பதையும் சொல்லுங்கள். பலருக்கு அதுதான் புதுச் செய்தி.

எங்கள் வீட்டில் அஸர் என்னும் பிற்பகல் தொழுகை முடிந்ததும் தூக்குவாளியோடு பள்ளிவாசலுக்குப் போவோம். பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி பூண்டு மணக்கும் நோன்புக் கஞ்சி. பக்கத்து வீட்டு அக்கா சைவம். அதனால் கறி சேர்த்த நாளில் கொடுக்க மாட்டோம். அவருக்காக உம்மா தனியாகக் காய்ச்சுவார். ஒரு நாள் சூரியன் மறைந்ததும் சொல்லும் மக்ரிப் பாங்கு (தொழுகை அழைப்பு) கேட்டதும் அவரே டிவியை அணைத்துவிட்டு, "போங்க தம்பி, நோன்பு திறங்க" என்றார். நான் அவரிடம் அதுவரை மார்க்கம் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

விவாதத்தில் மட்டும் இறங்காதீர்கள். மார்க்கத்தில் கட்டாயம் இல்லை என்கிறது குர்ஆன் (2:256). பிறர் வணங்குபவற்றை ஏசுவதையும் தடுக்கிறது (6:108). பதில் தெரியாத கேள்வி வந்தால், "ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) கேட்டுவிட்டு நாளைக்குச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி மறுநாள் போய்ச் சொல்லவும் செய்யுங்கள்.