ரிப்போர்ட் எல்லாம் நார்மல், ஆனா உடம்பு மட்டும் ஏன் பதறிக்கிட்டே இருக்கு?

கேள்வி: எனக்கு வயசு 41. ரெண்டு வருஷமா வேலை, பசங்க, படுத்த படுக்கையா இருக்கற அம்மான்னு ஓய்வே இல்ல. போன் அடிச்சா நெஞ்சு திக்குங்குது. ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வந்தா அதுக்கப்புறம் தூக்கம் கிடையாது. காலைல எழுந்தா தாடை வலிக்குது. ஈசிஜி, தைராய்டு, சுகர், ரத்தம் எல்லாம் பாத்தாச்சு, ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்க. தியானம் பண்ண உக்காந்தா படபடப்பு இன்னும் ஜாஸ்தியாகுது. எல்லாரும் டென்ஷன் ஆகாதன்னு மட்டும் சொல்றாங்க டாக்டர், எப்படி ஆகாம இருக்கறதுன்னு யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க.

பதில்: உங்க கடைசி வரியிலயே பாதி விஷயம் இருக்கும்மா. டென்ஷன் ஆகாதன்னு யாராவது சொன்னா உடம்பு கேக்காது, அதுக்கு கேக்கவும் தெரியாது. இதயத் துடிப்பு, வேர்வை, குடல், ரத்தக் குழாய் இதெல்லாத்தையும் நடத்தறது நம்ம உத்தரவுக்கு வெளிய தானா ஓடற நரம்பு மண்டலம். அதுல ஒரு பக்கம் ஆபத்துன்னா உசுப்பி விடும், இன்னொரு பக்கம் ஆபத்து போனதும் அடக்கி விடும். உங்களுக்கு ரெண்டு வருஷமா உசுப்பற பக்கம் தான் ஓவர்டைம் பாக்குது. ரிப்போர்ட் நார்மல்னா உறுப்புகள் நல்லா இருக்குன்னு அர்த்தம், உங்களுக்கு ஒண்ணுமே இல்லன்னு அர்த்தம் இல்ல. நீங்க படற அவஸ்தை கற்பனை இல்ல, அத முதல்ல நம்புங்க.

சரி, உத்தரவு போட முடியாதுன்னா வேற என்ன வழின்னு கேப்பீங்க. ஒரே ஒரு வாசல் திறந்திருக்கு, அது மூச்சு. தானாவும் ஓடும், நாம சொன்னாலும் கேக்கும். இப்ப இத படிச்சிட்டு இருக்கும்போதே ஒரு கையோட மணிக்கட்டுல, கட்டை விரலுக்குக் கீழ, இன்னொரு கையோட ரெண்டு விரல வச்சு நாடிய பாருங்க. மெதுவா மூச்ச உள்ள இழுங்க, துடிப்பு கொஞ்சம் நெருக்கமா வரும், நீளமா வெளிய விடுங்க, துடிப்புக்கு துடிப்பு இடைவெளி கூடும். சிலருக்கு இது நல்லா தெரியும், சிலருக்கு லேசா தான் தெரியும். வெளிய விடும்போது தான் மூளையிலருந்து நெஞ்சு, வயிறு வரைக்கும் போற வேகஸ் நரம்பு இதயத்துக்கு பிரேக் போடுது.

அதனால நான் கேக்கறது இவ்வளவு தான். மூக்கு வழியா மனசுக்குள்ள நாலு எண்ற வரைக்கும் உள்ள, ஆறு எண்ற வரைக்கும் வெளிய, அஞ்சு நிமிஷம். சாதாரணமா நாம நிமிஷத்துக்கு 12-லருந்து 20 தடவை மூச்சு விடறோம், இது 6 தடவைக்கு வந்துடும். நெஞ்ச நிமிர்த்தி பெருசா இழுக்காதீங்க, தலை சுத்துதுன்னா அளவுக்கு மேல இழுக்கறீங்கன்னு அர்த்தம், விட்டுட்டு சாதாரணமா மூச்சு விடுங்க. இன்னொரு முக்கியமான விஷயம், இத படபடப்பு வந்த அப்புறம் மட்டும் பண்ணா பலன் ரொம்ப கம்மி. வெள்ளம் வந்த அப்புறம் நீச்சல் பழக முடியாது இல்லையா, அந்த மாதிரி தான். மனசு சும்மா இருக்கற நேரத்துல, தினமும் ஒரே வேளைல, ஏற்கனவே நீங்க தவறாம பண்ற ஏதாவது ஒண்ணோட ஒட்டி வச்சு பண்ணுங்க, அப்ப தான் மறக்காது.

போன் விஷயத்துக்கு வரேன். அந்த ரிங்டோன் சத்தத்த உங்க உடம்பு கெட்ட செய்தியோட சேத்து பழகிடுச்சு. இன்னைக்கே அத மாத்துங்க, மெதுவான சத்தமா வைங்க. அப்புறம் அடிச்ச உடனே பாயாதீங்க, ஒரு தடவை நீளமா மூச்ச வெளிய விட்டுட்டு எடுங்க, அதுக்குள்ள ஒண்ணும் கெட்டுப் போகாது. ஒரு நாளைக்கு இருபது போன்னா இருபது தடவை பயிற்சி ஆயிடுது, அதுக்குன்னு தனியா நேரமும் ஒதுக்க வேண்டாம்.

தாடை வலி, ராத்திரி பல்ல கடிக்கறீங்கன்னு தோணுது. பகல்லயும் பாருங்க, வேலை பாக்கும்போது மேல் பல்லும் கீழ் பல்லும் ஒட்டிட்டு இருக்கும். சும்மா இருக்கும்போது உதடு மூடியிருக்கணும், பல்லு ரெண்டும் தொடக்கூடாது, இது நிறைய பேருக்கு தெரியாது. படுக்கறதுக்கு முன்னாடி தோள காது வரைக்கும் தூக்கி அஞ்சு செகண்ட் இறுக்கி தொப்புனு விடுங்க, கைய முஷ்டி புடிச்சு விடுங்க, இப்படியே கால் வரைக்கும். எட்மண்ட் ஜேக்கப்சன்னு ஒரு டாக்டர் 1920-கள்லயே எழுதி வச்ச முறை, இன்னைக்கும் நாங்க சொல்லிக் குடுக்கறோம். பல் தேஞ்சிருக்கான்னு பல் டாக்டர்கிட்டயும் ஒரு தடவை காட்டிடுங்க.

தியானம் உங்களுக்கு ஒத்துக்கலன்னா அது உங்க தப்பே இல்லம்மா, உசுப்பேறி நிக்கற உடம்ப கண்ண மூடி உக்கார வச்சா சிலருக்கு உள்ள இருக்கற படபடப்பு தான் பெருசா கேக்கும். இப்போதைக்கு விட்டுடுங்க. பதிலா பத்து நிமிஷம் நடங்க, போன் வேண்டாம், தூரத்துல இருக்கறத பாத்துக்கிட்டே நடங்க. ஓடறதுக்கு தயாரான உடம்புக்கு கொஞ்சம் நடை குடுத்தா தான் அது இறங்கும். காலைல வெளிச்சத்துல நடந்தா தூக்கத்துக்கும் நல்லது.

மூணு மணி முழிப்பு பத்தி, விடியறதுக்கு முன்னாடியே கார்ட்டிசால்ங்கற, உடம்ப முழிக்க தயார் பண்ற ஹார்மோன் ஏற ஆரம்பிச்சுடும், தூக்கமும் அந்த நேரத்துல லேசா தான் இருக்கும், அதனால முழிப்பு வர்றது பெரிய கோளாறு இல்ல, வந்த உடனே மணி பாத்து இன்னும் மூணு மணி நேரம் தான் இருக்குன்னு கணக்கு போடறோம் பாருங்க, அது தான் தூக்கத்த கெடுக்குது. கடிகாரத்த திருப்பி வைங்க. இருபது நிமிஷம் போல ஆயிடுச்சுன்னு தோணினா எழுந்து மங்கலான வெளிச்சத்துல உக்காந்துட்டு தூக்கம் வந்ததும் படுங்க. காபி மதியத்தோட நிறுத்துங்க, சாயங்காலம் 5 மணிக்கு குடிச்சா ராத்திரி 10, 11 மணிக்கும் அதுல பாதி ரத்தத்துல இருக்கும். குறட்டை இருந்தா, பகல்ல தூங்கி வழிஞ்சா, தூக்கத்துல மூச்சு நிக்குதான்னு டெஸ்ட் எடுக்கணும்.

இத்தனையும் சொல்லிட்டேன், ஆனா ஒண்ண மறைக்க மாட்டேன். அம்மாவ நீங்க ஒரே ஆளா பாத்துக்கறீங்கன்னா எந்த மூச்சுப் பயிற்சியும் அந்த சுமைய தூக்காது. வாரத்துல ரெண்டு மணி நேரமாவது வேற ஒருத்தர் பாத்துக்கணும், கூடப் பொறந்தவங்களோ யாரோ, கேளுங்க, அவங்களா வருவாங்கன்னு காத்திருக்காதீங்க. பலன் நாள் கணக்குல தெரியாது, வாரக் கணக்குல தான் தெரியும். நெஞ்சு திக்குங்கறது சட்டுனு நிக்காது, ஆனா திக்குன்ன அப்புறம் எவ்வளவு நேரத்துல அடங்குதுன்னு கவனிங்க, அரை மணி நேரம் பத்து நிமிஷமா குறைஞ்சா அது தான் முன்னேற்றம்.

நெஞ்சு வலி கைக்கோ தாடைக்கோ பரவுனா, மயக்கம் வந்தா, வேர்த்து மூச்சு முட்டுனா பழைய ரிப்போர்ட்ட நம்பி உக்காராதீங்க, உடனே எமர்ஜென்சிக்கு போங்க. ரெண்டு வாரத்துக்கு மேல எதுலயுமே பிடிப்பில்லாம இருந்தா மனநல டாக்டர பாருங்க, வாழ்ந்து என்ன பிரயோஜனம்னு ஒரு நினைப்பு வந்தா அன்னைக்கே பக்கத்துல இருக்கறவங்ககிட்ட சொல்லிட்டு அவங்கள கூட்டிட்டு போங்க, தனியா போக வேண்டாம்.