செட்டிநாட்டு வீடு: சுவர்ல வேலை தொடங்குறதுக்கு முன்னாடி தண்ணி எங்கேருந்து வருதுன்னு பாருங்க

கேள்வி: காரைக்குடியில எங்க பாட்டையா காலத்து வீடு, இப்ப ஆறு பங்காளிங்க, யாரும் அங்க குடியில்ல. முகப்பு சுவர்ல ஈரம் ஏறி பூச்சு உதிருது. கொத்தனார் எல்லாத்தையும் கொத்திட்டு சிமெண்ட் பூசி, மட்டப்பாவுக்கு (மொட்டை மாடித் தளத்துக்கு) மேல கான்கிரீட் போட்டா கவலையே இல்லங்கிறார். ஒரு பங்காளி உள்ள இருக்கற தேக்குத் தூண வித்து அந்தக் காசுல ரிப்பேர் பாப்போம்ங்கிறார். எது சரி?

பதில்: தம்பி, ரெண்டுமே வேணாம். சுவர் கடைசி வேலை, முதல் வேலை தண்ணி எங்கேருந்து வருதுன்னு கண்டுபிடிக்கறது. ஈரம் மேலேருந்து கீழ இறங்கியிருந்தா அது ஓடு இல்லன்னா மட்டப்பா. தரையிலேருந்து இடுப்பு உயரம் வரைக்கும் ஏறி வெள்ளையா உப்பு பூத்திருந்தா அது மண்ணுலேருந்து வர்ற தண்ணி. நீங்க சொல்றத பாத்தா முகப்புல ரெண்டாவது கேசுதான்னு தோணுது, ஆனா நேர்ல போய் சுவரத் தொட்டுப் பாருங்க, போட்டோவ வச்சு முடிவு பண்ணாதீங்க.

நம்ம வீடுங்க உயரமான அடித்தளத்துல கட்டினது, வளவுல, அதாவது வீட்டு நடு முற்றத்துல, விழுற மழைத்தண்ணி தரைக்கு அடியில போற வடிகால் வழியா தெருவுக்கு வந்து அங்கேருந்து ஊரணிக்குப் போற மாதிரி வச்சிருந்தாங்க. இப்ப என்ன ஆச்சுன்னா பழைய ரோட்ட சுரண்டாம அதுமேலயே தார் போட்டுப் போட்டு தெரு ஏறிடுச்சு, வடிகால் வாய் ரோட்டுக்குக் கீழ போயிடுச்சு, வெளிய போக வேண்டிய தண்ணி சுவர் அடியிலேயே நிக்குது. நிறைய வீட்டுல இதுதான் வியாதி. ஒரு வாளி தண்ணிய வளவுல ஊத்திட்டு தெருவுல வந்து நில்லுங்க, வரலன்னா வடிகால தோண்டி சுத்தம் பண்ற செலவுதான் உங்க முதல் செலவு.

சிமெண்ட் ஏன் வேணாம்? உங்க சுவர் செங்கலும் சுண்ணாம்புச் சாந்தும். சுண்ணாம்பு உள்ள போன ஈரத்த மெல்ல வெளிய விட்டுடும். மேல சிமெண்ட் பூசினா அந்த வழி அடைபடும், ஈரம் உள்ளேயே நின்னு செங்கல அரிக்கும், போக வழியில்லாம இன்னும் மேல ஏறும். நீங்களே பாக்கலாம், யாராவது சுவரோட கீழ் மூணடிக்கு மட்டும் பட்டையா சிமெண்ட் பூசின வீடுன்னா அந்தப் பட்டைக்கு சரியா மேல ஒரு சாண் அகலத்துக்கு பூச்சு பொரிஞ்சு நிக்கும். உங்க வீட்லயும் அப்படி சிமெண்ட் பட்டை இருந்தா மெஷின் வைக்காம உளியால எடுங்க, எடுத்துட்டு உடனே பூசாம ஒரு வெயில் காலம் சும்மா காய விடுங்க. கொத்தனாருக்கு இதுல பொறுமை இருக்காது, நீங்கதான் பிடிச்சு நிறுத்தணும்.

அப்புறம் சுண்ணாம்புப் பூச்சு. நீத்த சுண்ணாம்ப தண்ணிக்குள்ளயே ஊற வைக்கணும், எவ்வளவு நாள் ஊறுதோ அவ்வளவு நல்லது. ஊறின கடுக்காய்த் தண்ணியும் கருப்பட்டியும் சேத்து அரைக்கற வழக்கமும் உண்டு. கண்ணாடி மாதிரி மின்னுதே அந்த முட்டைப் பூச்சு, அது பல கோட்டுக்கு மேல வர்ற கடைசி மெல்லிய கோட்டு, கிளிஞ்சல் சுண்ணாம்பும் வெள்ளைக்கருவும் கலந்து தேச்சுத் தேச்சு எடுக்கறது. அத தெரிஞ்ச கை இப்ப ரொம்பக் கம்மி, கூலியும் ஜாஸ்தி. உள்ள நல்லா இருக்கற பழைய முட்டைப் பூச்ச கையே வைக்காதீங்க, உதிர்ந்த இடத்துக்கு சாதாரண சுண்ணாம்புப் பூச்சு போதும். தை மாசி மாதிரி வெயில் தணிஞ்ச நேரத்துல பூசுங்க, ஈரச்சாக்கு போட்டு வைங்க, சீக்கிரம் காஞ்சா வெடிச்சிடும். மேல பிளாஸ்டிக் பெயிண்ட் அடிச்சா பட்ட பாடெல்லாம் வீண், வெறும் சுண்ணாம்பு அடிங்க.

கான்கிரீட் விஷயம். அஞ்சு இஞ்ச் கான்கிரீட் ஒரு சதுர மீட்டருக்கே சுமார் 300 கிலோ வரும். இத தாங்கப் போறது அந்தக் காலத்து மர உத்தரம். உத்தரம் நடுவுல கல்லு மாதிரி இருந்தாலும் சுவருக்குள்ள சொருகியிருக்கற முனை ஈரத்துல உளுத்துப் போயிருக்கும், ஸ்க்ரூ டிரைவரால குத்திப் பாருங்க, சட்டுன்னு உள்ள இறங்கினா அந்த அறையில யாரையும் படுக்க விடாதீங்க, முட்டுக் குடுத்துட்டு பழைய கட்டடம் பாத்து பழகின இன்ஜினியர கூப்பிடுங்க. மட்டப்பால முளைச்ச அரசங்கன்ன வெறுமனே பிடுங்காதீங்க, வேர் உள்ள நின்னா திரும்ப வரும். நாட்டு ஓட்டுப் பகுதிய ஆடிக்குள்ள பிரிச்சு திரும்ப வேய்ஞ்சிடுங்க, ஐப்பசி அடைமழை வந்துட்டா ஒண்ணும் நடக்காது.

தூண விக்கறது... எனக்குக் கோவம் வர்ற இடம் இது. முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகள்ல அடுக்கி வச்சிருக்கற நிலையும் தூணும் எல்லாம் இப்படி ஒரு வீட்லேருந்து வந்ததுதான். தூண் அலங்காரம் இல்ல, மேல இருக்கற உத்தரம் அதுலதான் உக்காந்திருக்கு. ஒண்ண எடுத்துட்டு இரும்புக் குழாய் வச்சா அப்புறம் அடுத்தது, அதுக்கு அடுத்தது. பீரோ, கண்ணாடி, பீங்கான்னு தனியா நிக்கற சாமான விக்கறது உங்க குடும்ப விஷயம், நான் ஒண்ணும் சொல்லல.

சட்டம் காப்பாத்தும்னு நம்பாதீங்க. செட்டிநாட்டு ஊர்கள் 2014ல யுனெஸ்கோவோட உலகப் பாரம்பரிய இடங்களுக்கான தற்காலிகப் பட்டியல்ல வந்துச்சு, ஆனா பட்டியல்ல பேர் இருந்தா மட்டும் உங்க வீட்டுக்கு ரிப்பேர் காசு வராது.

அப்ப காசு? வளவ சுத்தி ஒவ்வொரு அறையும் ஒரு பங்கு, ஆனா ஓடும் வடிகாலும் எல்லாருக்கும் பொது. ஒருத்தர் அறைய பூட்டிட்டு சிங்கப்பூர்ல இருந்தா அந்த அறை ஒழுகி பக்கத்து அறையும் போகும். அதனால பாகப்பிரிவினைப் பேச்சையே எடுக்காம, பராமரிப்புக்கு மட்டும் ஒரு ஒப்பந்தம் எழுதி கையெழுத்து வாங்குங்க, வருஷத்துக்கு இவ்வளவுன்னு ஒரு ஜாயிண்ட் அக்கவுண்ட்ல போடுங்க. படைப்புக்கு (முன்னோருக்குப் படையல் போடற விசேஷத்துக்கு) எல்லாரும் ஊருக்கு வருவீங்கல்ல, அன்னிக்கு சாப்பாடு முடிஞ்சு பேசுங்க, போன்ல பேசினா சண்டைதான் வரும். ஷூட்டிங்குக்கு விட்டா நல்ல காசு வரும், ஆனா ஆணி அடிக்கக் கூடாது, ஆத்தங்குடிக் கல்லு (கையால செஞ்ச பூப்போட்ட டைல்ஸ்) பதிச்ச தரைமேல விரிப்பு இல்லாம டிராலி ஓட்டக் கூடாதுன்னு எழுதி வாங்கிட்டு விடுங்க. அவங்க போனதும் யாரும் தரைய பாத்ரூம் ஆசிட் போட்டுக் கழுவிடாம பாத்துக்கங்க, அந்தக் கல்லுல இருக்கறது சிமெண்ட், ஆசிட் பட்டா கலரே போயிடும், வெறும் தண்ணியில துடைச்சுட்டு காஞ்சதும் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைச்சா போதும்.