ஒத்திகையில் ஜெயித்தவர்கள்

கேள்வி: 2023 ஜூனில் புவனேஸ்வரில் நான்கு நாடுகள் ஆடிய இன்டர்கான்டினென்டல் கோப்பையை நம் கால்பந்து அணி வென்றது. ஏழு மாதம் கழித்து, கத்தாரில் ஆசியக் கோப்பையில் மூன்று ஆட்டத்திலும் தோற்று, ஒரு கோல்கூட அடிக்காமல் திரும்பியது. இந்த ஒத்திகைப் போட்டிகளால் என்ன பயன்? அந்தப் பணத்தில் அணியை ஊட்டிக்கு அனுப்பி மலைப் பயிற்சி கொடுக்கலாமே?
- கே.எம்., கோத்தகிரி

பதில்: ஒத்திகை என்று படித்ததுமே எனக்குக் கால்பந்து மறந்துபோய்விட்டது. மழைக்கு முன்னால் நம் மாவட்டத்தில் பேரிடர் மீட்பு ஒத்திகை என்று ஒன்று நடக்குமே, பார்த்திருக்கிறீர்களா? நான் ஒருமுறை முன்வரிசையில் நின்று பார்த்தேன். மண்சரிவு என்று மைக்கில் அறிவித்தார்கள். சரிவுக்குத் தேர்ந்தெடுத்திருந்த இடமோ அலுவலகத்தை ஒட்டிய சமதரை. நிஜமாகச் சரிகிற இடத்தில் ஜீப் நிறுத்த வசதி இல்லையாம். இடிபாட்டில் சிக்கியவராக ஒரு குமாஸ்தா, ஸ்வெட்டர், மஃப்ளர், குல்லா சகிதம் படுத்திருந்தார். மீட்புக் குழு வரத் தாமதமானதால் எழுந்துபோய் டீ குடித்துவிட்டு வந்து மறுபடியும் சிக்கிக்கொண்டார். ஸ்ட்ரெச்சரைத் தூக்கியவர்கள் கொஞ்சம் சாய்த்துவிட, "பாத்துப்பா, விழுந்துடப் போறேன்" என்று உயிருக்கு ஊசலாடிக்கொண்டிருந்தவரே சத்தம் போட்டார். படம் சரியாக வரவில்லை என்று போட்டோகிராபர் சொன்னதும் அவரைப் படுக்கவைத்து இன்னொரு தடவை மீட்டார்கள். ஒத்திகை மகத்தான வெற்றி.

2019 ஆகஸ்டில் நம் நீலகிரி மாவட்டத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்த மழை, ஜீப் நிறுத்த இடம் இருக்கிறதா என்று பார்க்கவில்லை.

புவனேஸ்வரிலும் சமதரையாகப் பார்த்துத்தான் ஆடினோம். வந்தவர்கள் லெபனான், மங்கோலியா, வனுவாட்டு. கடைசியில் சொன்னது பசிபிக்கில் இருக்கும் ஒரு தீவுக்கூட்டம். அவர்களுக்கு எதிராக 80 நிமிஷம் முட்டி மோதியும் கோல் விழவில்லை. 81-ல் சுனில் சேத்ரி ஒன்று போட்டு மானத்தைக் காப்பாற்றினார். பதற வேண்டியவர்கள் அன்றைக்கே பதறியிருக்க வேண்டும். ஆனால் தொடர் முழுக்க ஒரு கோல்கூட வாங்காமல் கோப்பையைத் தூக்கிவிட்டோமே, எப்படிப் பதறுவார்கள்? கத்தாரில் எதிரே நின்றவர்கள் ஆஸ்திரேலியா, உஸ்பெகிஸ்தான், சிரியா. 0-2, 0-3, 0-1.

இது நமக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. 1998 உலகக் கோப்பைக்கு முந்தைய வருஷம் பிரான்ஸில் இதேபோல நான்கு நாட்டுப் போட்டி ஒன்று வைத்தார்கள். பிரான்ஸ், பிரேசில், இத்தாலி, இங்கிலாந்து. லியோனில் நடந்த முதல் ஆட்டத்தில்தான் பிரான்ஸுக்கு எதிராகப் பிரேசிலின் ராபர்ட்டோ கார்லோஸ் அடித்த அந்த ஃப்ரீ கிக். 35 மீட்டர் தூரத்திலிருந்து பாதத்தின் வெளிப்பக்கம் படுகிற மாதிரி ஓர் உதை. பந்து தன் தலைக்குத்தான் வருகிறது என்று கோல் கம்பத்துக்கு அப்பால் நின்ற பந்து பொறுக்கும் பையன் குனிந்துகொண்டான். அது வளைந்து உள்ளே போனது. பிரான்ஸ் கோல்கீப்பர் பார்த்தேஸ் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. அந்தத் தொடரில் இன்று எல்லாருக்கும் நினைவிருப்பது அந்த ஓர் உதைதான்.

கோப்பை யாருக்குப் போனது தெரியுமா? இங்கிலாந்துக்கு. போட்டியை நடத்திய பிரான்ஸ் சொந்த மண்ணில் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. இரண்டு டிரா, ஒரு தோல்வி, மூன்றாவது இடம். மறு வருஷம் அதே பிரான்ஸ் இறுதி ஆட்டத்தில் பிரேசிலை 3-0 என்று புரட்டி எடுத்தது. இங்கிலாந்து இரண்டாம் சுற்றிலேயே அர்ஜென்டினாவிடம் பெனால்டியில் தோற்று மூட்டை கட்டியது. எனவே, கே.எம். அவர்களே, ஒத்திகையை நிறுத்தச் சொல்ல மாட்டேன். நம்மை நாலு கோல் போட்டு அனுப்பக்கூடியவர்களைக் கூப்பிடுங்கள் என்பேன். 2018-ல் மும்பையில் நடந்த இதே கோப்பையில் நியூசிலாந்திடம் ஓர் ஆட்டம் தோற்றோம். 2019 ஆசியக் கோப்பையில் தாய்லாந்தை 4-1 என்று விரட்டினோம். அந்தத் தோல்விதான் இதற்குக் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன், கெடுதல் ஒன்றும் செய்யவில்லை என்று மட்டும் சொல்வேன்.

ஊட்டிக்கு வருகிறேன். மலையில் சில வாரம் இருந்தால் ரத்தத்தில் சிவப்பணு கூடும் என்பது சரிதான். வனுவாட்டுவிடம் திணறியதற்குச் சிவப்பணு காரணமில்லை என்பதும் சரிதான். நீங்கள் யோசனை சொல்லியிருக்க வேண்டிய ஆட்கள் வேறு. மெக்சிகோ சிட்டியின் உயரம் 2240 மீட்டர். நம் ஊட்டியும் 2240 மீட்டர். 1970 உலகக் கோப்பை மெக்சிகோவில் நடந்தபோது மலைக்காற்றுக்குப் பழக இங்கிலாந்து அணி கொலம்பியாவின் பொகோட்டாவுக்குப் போனது. போன இடத்தில் கேப்டன் பாபி மூர் ஒரு கடையில் மரகதக் காப்பைத் திருடிவிட்டார் என்று சொல்லி போலீஸ் பிடித்து வைத்துக்கொண்டது. பின்னால் பழி நீங்கியது, அது வேறு கதை. ஊட்டிக்கு வந்திருந்தால் மிஞ்சிப்போனால் வர்க்கியும் யூகலிப்டஸ் தைலமும் அதிக விலைக்கு வாங்கிப் போயிருப்பார்.

வந்தால் எங்கே ஆடுவார்கள் என்று கேட்காதீர்கள், எனக்கு ரத்த அழுத்தம் ஏறும். இந்த மலையில் சமமான நிலம் என்பதே தங்கம். அது கொஞ்சம் எங்கே கிடைத்தாலும் சீசனுக்குக் கார் நிறுத்தவும், மற்ற நாளில் பொருட்காட்சிக்கும் பொதுக்கூட்டத்துக்கும் பந்தல் போடவும் கொடுத்துவிடுகிறோம். பந்தல்காரர் தோண்டிய குழியில் கணுக்கால் பிசகிய ஹட்டிப் (படுகர் கிராமத்து) பையன்கள் எத்தனை பேர்! இந்திய அணி கட்டாயம் வரட்டும், மே மாதம் மட்டும் வேண்டாம். இ-பாஸ் எடுத்து, கல்லாறிலிருந்து பர்லியார் வரை ஹாரன் சத்தத்தில் ஊர்ந்து மேலே வந்து பார்த்தால், பெனால்டி பாக்ஸுக்குள் ஒரு டூரிஸ்ட் வேன் நிற்கும்.

இவ்வளவு எழுதியதைப் பார்த்ததும் குன்னூர் வாசகர் வழக்கம்போலக் கார்டு போடுவார், கிரிக்கெட்டுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கக் கூடாதா என்று. ஐயா, இங்கே சிக்ஸர் அடித்தால் பந்து தேயிலைச் சரிவில் போய் விழும். எடுக்கப் போன பையனைக் காட்டெருமை மைதானம் வரை துரத்திக்கொண்டு வந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். ஒதுக்க முடியாது.