மேற்கு ஆசியாவைப் படிக்க ஆசைப்படும் மகள்: பி.ஏ.வில் எதை எடுப்பது?

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் இருக்கிறோம். வீட்டுக்காரருக்கு மாங்கூழ் ஆலையில் வேலை. மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன், வரலாறு எடுத்துப் படிக்கிறாள். கூழ் அரபு நாடுகளுக்குப் போகிறது என்று கேட்டுக் கேட்டு, அங்குள்ள மக்களைப் பற்றியே கல்லூரியில் படிக்க வேண்டும் என்கிறாள். அப்படி ஒரு படிப்பு உண்டா? வேலை கிடைக்குமா?

பதில்: உண்டு. வளைகுடா அரபு நாடுகள், ஈரான், துருக்கி முதலானவை உள்ள பகுதியை மேற்கு ஆசியா என்பார்கள். ஒரு பகுதியின் வரலாறு, மதம், பொருளாதாரம், குடும்ப அமைப்பு, அரசியல் எல்லாவற்றையும் சேர்த்துப் படிப்பதை ‘ஏரியா ஸ்டடீஸ்’ என்பார்கள். டெல்லியில் 1955இல் சர்வதேச உறவுகளோடு இதையும் படிக்க ஒரு கல்விக்கூடம் தொடங்கப்பட்டு, 1970இல் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தோடு (ஜே.என்.யூ.) இணைந்தது. ஆனால் நம் நாட்டில் இது பெரும்பாலும் எம்.ஏ., ஆய்வு நிலையில்தான் இருக்கிறது. பிளஸ் டூ முடித்ததும் அந்தப் பெயரிலேயே பி.ஏ. தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

பி.ஏ.வில் அரபு மொழியை எடுக்கச் சொல்லுங்கள். சர்வதேச உறவுகள் என்ற பெயரில் தனியார் கல்லூரிகள் நடத்தும் பட்டங்களைவிட இதையே நான் பரிந்துரைப்பேன். மொழி தெரியாமல் ஒரு சமூகத்தைப் படிப்பவர், ஆங்கிலத்தில் யாரோ எழுதிவைத்ததைத் தாண்டிப் போக முடியாது. எம்.ஏ.வில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் அப்போது நேரமும் இருக்காது. செய்தித்தாள் அரபு எல்லா அரபு நாடுகளிலும் ஏறக்குறைய ஒன்றுதான். கெய்ரோவில் வீட்டுக்குள் பேசுவதும் மஸ்கட் சந்தையில் பேசுவதும் வேறு வேறு. எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் விலகி நிற்பதுபோல, இன்னும் அதிகமாக. பழக மூன்று ஆண்டு பிடிக்கும்.

அந்த மூன்று ஆண்டில் அவளுக்குப் பல விஷயங்கள் தெளிவாகும். ஈரானில் பெரும்பான்மையோர் அரபியர் அல்லர். அங்கே ஆட்சி மொழி பாரசீகம். துருக்கியின் மொழி துருக்கியம். ஓமானில், இஸ்லாத்தின் சன்னி, ஷியா பிரிவுகள் இரண்டிலும் சேராத இபாதி மரபு வேரூன்றியிருக்கிறது. லெபனானில் பெரிய கிறிஸ்தவச் சமூகம் உண்டு. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாழ்பவர்களில் அந்நாட்டுக் குடிமக்கள் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். மற்றவர்கள் வெளியிலிருந்து பிழைக்க வந்தவர்கள். வளைகுடாவின் ஆறு நாடுகளில் மட்டும் சுமார் 90 லட்சம் இந்தியர்கள் இருக்கிறார்கள். வந்தேறிகளே பெரும்பான்மையாக உள்ள ஒரு சமூகம் எப்படி இயங்குகிறது என்ற கேள்வியை, துபாயில் வேலை பார்க்கும் உறவினர்களைக் கொண்ட ஊரிலிருந்து போகும் ஒரு பெண் கேட்டால், அதன் கனமே வேறு. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பிள்ளைகள் இந்தத் துறைக்கு வர வேண்டும் என்று நான் விரும்புவது அதனால்தான்.

ஐதராபாத்தில் உள்ள ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகத்திலும், ஜே.என்.யூ.விலும் பி.ஏ. அரபு இருக்கிறது. இரண்டும் மத்தியப் பல்கலைக்கழகங்கள். ஜே.என்.யூ.வில் கல்விக் கட்டணம் ஆண்டுக்குச் சில நூறு ரூபாய்தான். விடுதிச் சாப்பாட்டுச் செலவு தனி. முதல் முறை வெளியூர் அனுப்பும் உங்களுக்கு ஐதராபாத் மனதுக்குக் கொஞ்சம் இலகுவாக இருக்கலாம். பெங்களூரு போய் ஏறினால் ஓர் இரவுப் பயணம். மத்தியப் பல்கலைக்கழகங்களின் இளநிலைச் சேர்க்கைக்கான கியூட் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். எந்தத் தாள்களை எடுக்க வேண்டும் என்பதை அந்தந்த ஆண்டின் சேர்க்கை அறிவிப்பைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். தாளை மாற்றி எடுத்துவிட்டு இடத்தை இழக்கும் பிள்ளைகள் உண்டு. தமிழ்நாட்டுக்குள்ளேயே என்றால் திருச்சி ஜமால் முகமது கல்லூரியில் அரபுத் துறை இருக்கிறது. பிறகு எம்.ஏ.வுக்கு அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் மேற்கு ஆசிய, வட ஆப்பிரிக்கவியல் துறை உண்டு.

வேலை? பட்டம் கையில் வந்ததும் தானாக வேலை வராது. ஆனால் அரபு நன்றாகத் தெரிந்தால் மொழிபெயர்ப்பு, ஏற்றுமதி நிறுவனங்கள், தூதரகப் பணிகள் எனப் பல பக்கமும் வழி உண்டு. எம்.ஏ. முடித்து, கல்லூரி ஆசிரியர்களுக்கான தேசியத் தகுதித் தேர்வான நெட் தேர்வில் தேறினால் கல்லூரி ஆசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கலாம். ஐ.எஃப்.எஸ். எனப்படும் இந்திய வெளியுறவுப் பணி அதிகாரிகள் கற்கும் அயல்மொழிகளில் அரபும் ஒன்று. அந்தப் பணிக்கான போட்டித் தேர்வுக்கு இந்தப் பின்புலம் நல்ல துணை.

இன்னும் ஒன்றரை ஆண்டு இருக்கிறது. அரபு எழுத்துகள் 28தான். உங்கள் மாவட்டத்தில் உருது படித்தவர்கள் நிறைய. ஏறக்குறைய அதே எழுத்துதான் அவர்களுடையதும். தெரிந்த உருது ஆசிரியை ஒருவரிடம் வாரம் இரண்டு நாள் அனுப்புங்கள். இரண்டு மாதம் கழித்தும் அவளே புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போனால், கியூட் பாடத்திட்டத்தை வாங்கிக் கொடுங்கள்.