மெத்தில் ஒட்டினால் மரபணு மூடிவிடுமா? எபிஜெனெடிக் கேள்வி பதில்

கேள்வி: எல்லா செல்லிலும் ஒரே டிஎன்ஏதானே, அப்புறம் ஏன் நரம்பு செல் வேறு, கல்லீரல் செல் வேறு?

பதில்: எந்த மரபணு திறந்திருக்கிறது (செல் அதைப் படிக்கிறது), எது மூடியிருக்கிறது (படிக்காமல் விடுகிறது) என்பதில்தான் வித்தியாசம். டிஎன்ஏ எழுத்து மாறாமலே நடக்கும் இந்தத் திறப்பு மூடலைத்தான் எபிஜெனெடிக் என்கிறோம். எட்டு ஹிஸ்டோன் புரதங்கள் சேர்ந்த உருண்டையைச் சுற்றி சுமார் 147 எழுத்து நீள டிஎன்ஏ கிடக்கிறது. ஹிஸ்டோன்களின் வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதில் நொதிகள் மெத்தில், அசிட்டைல் போன்ற சிறு வேதிக் குறிகளை ஒட்டுகின்றன.

கேள்வி: மெத்தில் ஒட்டினாலே மரபணு மூடிவிடும் என்று படித்தேன். சரியா?

பதில்: பாதிதான் சரி. ஹெச்3 என்ற வகை ஹிஸ்டோனின் 4ஆம் இடத்தில் இருக்கும் லைசினில் (புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்களில் ஒன்று) மூன்று மெத்தில் இருந்தால் அது பெரும்பாலும் திறந்த மரபணு. 9ஆம் இடத்து லைசினில் இருந்தால் மூடியது. ஒரே மெத்தில்தான், வந்து பிடிக்கும் புரதம் வேறு. 9ஆம் இடத்து லைசினில் உள்ள மெத்திலை ஹெச்பி1 என்ற புரதம் பிடிக்கிறது. இரண்டு ஹெச்பி1 ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பக்கத்து உருண்டைகளை நெருக்கும். கூடவே, மெத்தில் ஒட்டும் நொதியையும் இழுத்து வரும். அது அடுத்த ஹிஸ்டோனில் குறி வைக்க, அங்கே இன்னொரு ஹெச்பி1 உட்காரும். மூடல் இப்படித்தான் பரவுகிறது.

பழ ஈயில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கண்ணுக்குச் சிவப்பு தரும் மரபணு இடம் மாறி, மூடிய பகுதியின் ஓரத்தில் போய் விழுந்தால், சில செல்களில் மட்டும் மூடல் அதுவரை எட்டும். கண் முழுக்கச் சிவப்பும் வெள்ளையுமாகத் திட்டுத்திட்டாக இருக்கும். மரபியலாளர் ஹெர்மன் முல்லர் 1930இலேயே இதை விவரித்துவிட்டார். அந்த ஈயில் ஹெச்பி1 அளவைக் குறைத்தால் சிவப்பு கூடுகிறது!

கேள்வி: செல் பிரியும்போது குறிகள் அழிந்துபோகாதா?

பதில்: மெத்தில் ஹிஸ்டோனில் மட்டுமல்ல, டிஎன்ஏ மேலும் ஒட்டும். அதை மட்டும் சொல்கிறேன், ஹிஸ்டோன் கதை நீளம். நகலெடுத்ததும் பழைய இழையில்தான் மெத்தில் இருக்கும். இந்த அரைகுறை இடத்தை யுஹெச்ஆர்எஃப்1 என்ற புரதம் அடையாளம் கண்டு, டிஎன்எம்டி1 நொதியை அங்கே வரவழைக்கிறது. அது புது இழையிலும் மெத்திலை ஒட்டிவிடுகிறது.

கேள்வி: புரதங்களுக்கு இடையே ஒரு பிணைப்பு விட்டுப்போனால் நோய் வருமா?

பதில்: வரும். மெசிபி2 புரதம் ஒரு கையால் மெத்தில் ஏறிய டிஎன்ஏவையும், மறு கையால் மரபணுவை அடக்கும் என்கோர் என்ற புரதக் கூட்டத்தையும் பிடிக்கிறது. அதன் 306ஆம் இடத்தில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் சிஸ்டீன் வந்தால், முதல் கை மெத்திலை விடுவதில்லை. மறு கை நழுவிவிடுகிறது. மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் ரெட் சிண்ட்ரோம் என்ற நோய்க்கு அது போதும்.

கேள்வி: மருந்தால் இந்தப் பிடிப்பைத் தடுக்கலாமா?

பதில்: தடுக்கலாம். பிஆர்டி4 புரதம் அசிட்டைல் குறியைப் பிடிக்கும் பள்ளத்தில் 2010இல் அறிவிக்கப்பட்ட ஜேக்யூ1 மூலக்கூறு போய் உட்கார்ந்துகொள்கிறது. குறி அப்படியே இருக்கும், பிஆர்டி4க்குத்தான் இடமில்லை.