மகன் மேற்படிப்புக்கு ஜெர்மனி போகிறான், அங்கே மளிகை விலை அதிகமாமே? சென்னையிலிருந்து என்னென்ன கட்டி அனுப்பலாம்?

அரிசி, பருப்பு, எண்ணெய் மூன்றையும் முதலில் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். ஐரோப்பா டிக்கெட்டில் பெரும்பாலும் 23 முதல் 30 கிலோதான் லக்கேஜ். அதில் பத்து கிலோ பொன்னி அரிசி போனால் குளிர்கால ஜாக்கெட்டுக்கு இடமிருக்காது. மாணவர்களுக்கு அங்கே பில் எகிறுவது அரிசியால் அல்ல. நம் வீட்டுச் சமையலை அப்படியே நடத்தப் பார்த்து, ரவை முதல் நெய் வரை எல்லாவற்றையும் இந்தியன் ஸ்டோரிலேயே வாங்குவதால்தான். எடையுள்ளதை அங்கத்திய கடையில் வாங்கட்டும், வாசனைச் சாமானை மட்டும் நீங்கள் கொடுத்தனுப்புங்கள்.

வாசனைச் சாமான் என்றால் சாம்பார் பொடி, ரசப் பொடி, பெருங்காயம், ஏலக்காய், புளி, வற்றல், கறிவேப்பிலைப் பொடி. வாரம் மூன்று நாள் சாம்பார் வைத்தாலும் ஓர் ஆளுக்கு ஒரு தடவைக்குப் பத்து கிராம் பொடிதான் ஆகும். ஒரு கிலோ எட்டு மாதம் ஓடும். மூன்று கிலோ அரைத்துக் கொடுத்தால் பாதி வாசனை போய் வண்டு பிடிக்கும்.

கோவிந்தப்ப நாயக்கன் தெருப் பக்கம் போனால் சாமான் மொத்த விலைக்குக் கிடைக்கும். ஒரு கிலோ பொடிக்கு தனியா 500 கிராம், நீட்டு மிளகாய் 300, துவரம்பருப்பு 100, கடலைப்பருப்பு 50, மிளகு 40, வெந்தயம் 25, மஞ்சள் 25 போதும். மில்லுக்குக் கொஞ்சமாகக் கொண்டுபோனால் முன்னால் அரைத்தவர் பொடி கலந்துவிடும், அதனால் முழுக் கிலோவாகவே அரையுங்கள். பலரும் கோட்டை விடுவது அதற்கப்புறம்தான். மில்லிலிருந்து சூடாக வரும் பொடியை அப்படியே கவரில் கட்டினால் உள்ளே வேர்த்து, ஒரு மாதத்தில் கட்டி தட்டிப் பூஞ்சை வாடை வரும். பேப்பரில் பரப்பி, கையால் தொட்டால் சுத்தமாகச் சூடு தெரியாத பிறகு, கால் கால் கிலோவாகக் காற்றை அழுத்தி வெளியேற்றி ஹீட் சீல் செய்யுங்கள். ஒரு பாக்கெட்டைப் பிரித்தால் மற்றது ஃப்ரீசரில் இருக்கட்டும்.

ஊறுகாயும் பொடியும் செக்-இன் பெட்டியில்தான் போக வேண்டும், கைப்பையில் விட மாட்டார்கள். மேலே போனதும் காற்றழுத்தம் குறையும், பாட்டிலுக்குள் இருக்கும் காற்று விரிந்து எண்ணெயை வெளியே தள்ளும். அரை பாட்டில் ஊறுகாய் கொடுத்தனுப்பினால் துணியெல்லாம் மஞ்சள்தான். கொப்பரைத் தேங்காய் வேண்டவே வேண்டாம், தீப்பற்றக்கூடியது என்று பெட்டியிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

ஐரோப்பிய யூனியனுக்குள் நெய், பன்னீர், பால்பவுடர், இறைச்சி எதுவும் கொண்டுபோகக் கூடாது. பச்சைக் கறிவேப்பிலைக்கும் அனுமதியில்லை. கருவாட்டுக்குத் தடையில்லை, ஆனால் பெட்டி முழுக்க அந்த வாசனையோடு ஹாஸ்டலில் முதல் நாள் நுழைவதை அவன்தான் முடிவு செய்ய வேண்டும். வேறு நாட்டுக்குப் போகும் யாரும் இந்தப் பட்டியலை அப்படியே பின்பற்றாதீர்கள். அமெரிக்காவுக்குப் பெட்டியில் அரிசியும் கொண்டைக்கடலையும் கூடாது. ஆஸ்திரேலியாவுக்கு முழுத் தனியா, சீரகம், காய்ந்த மிளகாய், துவரம்பருப்புகூடக் கூடாது. இரண்டுக்கும் காரணம் கப்ரா என்ற தானிய வண்டு. துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் கசகசா எடுத்துப்போனால் அது போதைப்பொருள் வழக்காகிவிடும்.

இனி அங்கே வாங்குவது. ஆல்டி, லிடில், பென்னி போன்ற மலிவுக் கடைகளில் விலைச் சீட்டின் ஓரத்தில் சின்ன எழுத்தில் கிலோவுக்கோ லிட்டருக்கோ என்ன விலை என்று போட்டிருக்கும். சட்டப்படி போட்டே ஆக வேண்டும். பாக்கெட் விலையை விட்டுவிட்டு அதைப் பார்த்து வாங்கப் பழகட்டும்.

துவரம்பருப்புக்குப் பதில் ரோட்டெ லின்சன் என்று விற்பது நம் மைசூர் பருப்புதான். துருக்கிக் கடைகளில் பெரிய பையாகக் கிடைக்கும். ஊறவைக்காமலே திறந்த பாத்திரத்தில் கால் மணி நேரத்தில் வெந்துவிடும். குக்கரில் வைத்தால் நுரை பொங்கி வெயிட்டை அடைக்கும், அதனால் ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும், பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. சாம்பார் துவரை அளவுக்குக் கெட்டியாக வராது, தண்ணீரைக் குறைக்க வேண்டும். கொத்தமல்லிக் கட்டும் அதே கடையில் கிடைக்கும். உறைந்த கீரைக்கு ஸ்பினாட், ரவைக்கு கிரீஸ் என்று கேட்டால் எந்தக் கடையிலும் உண்டு. மில்ஷ்ரைஸ் என்ற குண்டு அரிசி தயிர்சாதத்துக்கும் பொங்கலுக்கும் நன்றாகக் குழையும்.

நெய்க்கு 250 கிராம் வெண்ணெய் இரண்டு பாக்கெட், உப்பில்லாதது. அடிகனமான பாத்திரத்தில் சிறு தீயில் வைத்தால் முதலில் சடசடவென்று சத்தம் வரும், அது தண்ணீர் வற்றுவது. சத்தம் அடங்கி, அடியில் கசடு பொன்னிறமாகும்போது உடனே இறக்கி வடிகட்ட வேண்டும். எலக்ட்ரிக் அடுப்பு அணைத்த பிறகும் சூடாகவே இருக்கும், பாத்திரத்தை அதிலேயே விட்டால் கருகிவிடும். 500 கிராமுக்கு ஏறக்குறைய 400 கிராம் நெய் தேறும்.

உளுந்துக்கு மட்டும் மாற்று கிடையாது, இந்தியன் ஸ்டோரில்தான் வாங்க வேண்டும். இட்லி அரிசிக்குப் பதில் சூப்பர்மார்க்கெட் பார்பாயில்டு (புழுங்கல்) அரிசி மூன்று பங்கு, உளுந்து ஒரு பங்கு, ஒரு பிடி சோறு. தோசைக்கு அருமை, இட்லி கொஞ்சம் கல்தான். உளுந்தை ஐஸ் தண்ணீர் விட்டு அரைக்காவிட்டால் மிக்ஸி சூட்டில் மாவு பொங்காது. குளிர்காலத்தில் ஓவனில் விளக்கை மட்டும் போட்டு மாவை உள்ளே வைக்கட்டும், கதவில் ஒரு சீட்டும் ஒட்டட்டும். பொதுச் சமையலறையில் யாராவது பார்க்காமல் பீட்சாவுக்காக 200 டிகிரியில் திருகிவிடுவார்கள்.

நம் மிக்ஸி அங்கேயும் 230 வோல்ட்டில் ஓடும், எர்த் உள்ள அடாப்டர் போதும். குக்கர் வாங்கினால் இண்டக்‌ஷன் அடி உள்ளதாக வாங்குங்கள், அறையில் என்ன அடுப்பு இருக்கும் என்று முன்கூட்டித் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைப்பு, சனிக்கிழமையே வாங்கிவிட வேண்டும். குழாய்த் தண்ணீர் குடிக்கலாம், சுண்ணாம்பு படிந்தாலும் கெடுதலில்லை. பாட்டில் தண்ணீர் வாங்கினால் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 25 செண்ட் டெபாசிட் பிடிப்பார்கள், காலி பாட்டிலை நசுக்காமல் கடை மெஷினில் போட்டால் சீட்டு வரும், அதை அங்கேயே பில்லில் கழித்துக்கொள்ளலாம்.